மச்சான் வளவில் நிற்கும் உழவு இயந்திரம்

கேள்வி: அரசின் அஸ்வெசும நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், பட்டியலில் என் பெயர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உழவு இயந்திரத்தை மச்சான் வளவில் விட்டுவிட்டு, ஓலைக்கொட்டிலைக் காட்டினார், காசு வருகிறது. ஆட்சேபனை போடலாமா?
– வாசகர், உடையார்கட்டு

பதில்: உழவு இயந்திரம் மச்சான் வளவில் என்றால், மச்சானின் மோட்டார் சைக்கிள் யார் வளவில் நின்றது? அதையும் விசாரியுங்கள்!

2023இல் தொடங்கியபோது அஸ்வெசும திட்டம் ஏழ்மையை நாலு படியாக்கியது: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். 2009 போரில் உடுத்த உடையோடு ஏ-35 வீதியால் நடந்த சனத்துக்குப் பின்னாளில் வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்தது. கணக்கெடுக்க வருபவர் கண்ணுக்குச் சுவர் தெரிகிறது; அதைக் கட்டி முடிக்கப் பட்ட கடன் தெரிவதில்லை. ஆக, பொய் சொன்னவரெல்லாம் கள்ளர் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் அயலவர் வேறு ரகம் போலிருக்கிறது. என்றாலும் அந்த இயந்திரம் அவருடையதா, லீசிங் கம்பனியுடையதா என்று ஒருக்கால் பாருங்கள். தவணை கட்ட முடியாமல் ஒளித்தவர் என்றால் கதை மாறும்.

அவர் பெயரை வெட்டினால் உங்கள் பெயர் ஏறாது. உங்களுக்கான மேன்முறையீட்டை முதலில் எழுதுங்கள். ஆட்சேபனை போடத்தான் வேண்டுமென்றால் சொந்தப் பெயரில் போடுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம்: உடையார்கட்டில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.