பல் டாக்டர் ஏன்டா ஒன் சின்ன வயசைக் கேக்கான்?

ஏல பேராண்டி, இப்பிடி வந்து திண்ணையில உக்காரு. அந்தப் போனைக் கவுத்தி வை. சனிக்கிழமை தவறாம பல் டாக்டரைப் பாக்கப் போறேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுதியே, எனக்கு ஒரு சந்தேகம். பல் டாக்டர் முக்கா மணி நேரம் கதவைச் சாத்தி வச்சுக்கிட்டு ஒன் சின்ன வயசுக் கதையை எதுக்குடா கேக்கான்? எங்க, ஆ காட்டு. முப்பத்திரண்டும் பத்திரமாத்தான் இருக்கு. எனக்குத்தான் மூணு மிச்சம். பல் டாக்டர்கிட்ட போக வேண்டியவன் நான்லா?

ஒளிக்காதல. நீ மனசுக்கு வைத்தியம் பாக்கப் போறது தெருவுக்கே தெரியும். மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில வச்சே துவைக்கப் போட்டா ஒங்க அத்தை கண்ணுக்குத் தப்புமா? மருந்துக்கடைப் பையன்கிட்ட காட்டி விவரம் கேட்டுட்டா. மறுநாள் விடியும்போது ஊருக்குள்ள ஆளாளுக்கு வைத்தியர். அத்தை சொல்லுதா, எவனோ வச்ச செய்வினை, கோடாங்கிகிட்ட குறி கேட்டே ஆகணும்னு. ஒங்க பெரியப்பன் சொல்லுதான், நாங்க பாக்காத கஷ்டமா, நாலு நாள் மம்பட்டி பிடிச்சா எல்லாம் பறந்துரும்னு. அவன் மம்பட்டி பிடிச்சு இந்த ஊர்ல பாத்தவன் கிடையாது. தாய்மாமன் ஒரு படி மேல: காலா காலத்துல ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா பய சரியாயிருவானாம். கல்யாணத்தால மனசு தெளியும்னா ஒங்க மாமன் இந்நேரம் ரமண மகரிஷி ஆயிருக்கணும்லா? சீக்கு ஒனக்கு, தண்டனை எவளோ ஒரு பிள்ளைக்கு. நல்ல நியாயம்.

இனி சொல்லுறதை மட்டும் சிரிக்காமக் கேளு. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி. மனசு சரியில்லாதவுகளை வச்சிருந்த ஒரு விடுதியில விடியக்காலை தீப்பிடிச்சுது. சங்கிலியில பிணைச்சுக் கிடந்தவுக ஓட வழியில்லாம 28 பேரு செத்தாக. பேப்பர்ல அந்தச் சங்கிலியைப் படம் போட்டிருந்தான். கோடாங்கியும் விரதமும் பலிக்கலன்னா சனங்க கடைசியா போய் நின்ன இடம் அதுதான். சங்கிலி போடக் கூடாதுன்னு 2017ல வந்த மனநலச் சட்டத்துல எழுதியே வச்சுட்டாக. சாமிக்கு நான் விரோதி இல்லடா. அதே ஏர்வாடியில இருக்க தர்காவுல இப்ப துவா ஒரு பக்கம் நடக்கு, அரசாங்க டாக்டர் மாத்திரை ஒரு பக்கம் நடக்கு. அத்தை வேணும்னா விளக்குப் போடட்டும், நீ மாத்திரையைப் போடு. நோயாளி சொன்னதை வைத்தியம் பாக்கவுக வெளிய சொல்லக் கூடாதுன்னும் அந்தச் சட்டத்துல இருக்கு. என்ன, ஒங்க அத்தைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

ஒன் நோட்டைப் பத்தியும் கேக்கணும். நான் திருட்டுத்தனமாப் படிக்கலப்பா. நீ மேசை மேல விரிச்சு வச்சுட்டுக் குளிக்கப் போனா, எழுத்து தானா வந்து கண்ணுல விழுது. கட்டம் கட்டமாக் கோடு போட்டிருக்க. முதல் கட்டத்துல, ‘மேனேஜர் என் மெயிலுக்கு ஓகே மட்டும் போட்டார்.’ ரெண்டாவது, ‘வேலை போகப் போகுது.’ மூணாவது, ‘இதை எவ்வளவு நம்புறேன்: 80 சதவீதம்.’ அடுத்தது சாட்சி. வேலை போகும்ங்கதுக்கு என்ன சாட்சி? ஒண்ணையும் காணும். போகாதுங்கதுக்கு? ‘அவர் எல்லாருக்குமே ஓகேதான் போடுவார்.’ கடைசிக் கட்டத்துல 30 ஆயிருச்சு. ஏல, ஒரு ஓகேவுக்கு ராத்திரி பூரா கூரையப் பாத்துட்டுக் கிடந்தவன் நீயா? சரி, 80 எப்பிடி 30 ஆச்சு? சனிக்கிழமை நீ பாக்கப் போற கவுன்சிலர் அம்மா மந்திரமா போட்டா? நீயே வாதி, நீயே வக்கீலா நின்னு வழக்காடியிருக்க.

இந்தக் கட்டத்துக்கெல்லாம் மூலபுருசன் அமெரிக்காவுல ஆரோன் பெக்னு ஒரு டாக்டர். மனச்சோர்வுல கிடந்தவுகளோட கனவுல என்னமோ புதைஞ்சு கிடக்குன்னு தோண்டிப் பாத்தாரு, கிடைக்கல. பட்டுனு தலைக்குள்ள ஓடுற நினைப்புதான் ஆளைக் கவுக்குதுன்னு 1960கள்ல கண்டு சொன்னாரு. நூறு வயசு இருந்து 2021லதான் போனாரு. அடுத்தவன் புலம்பலை ஆயுசு பூரா கேட்ட மனுசனுக்கு அத்தனை ஆயுசு! ஒங்க அத்தை கேட்டா கண்ணு வச்சிருப்பா.

இவ்வளவு நல்லாப் போயிட்டிருக்கவன், திடீர்னு ‘என்னைய நானே கண்டுபிடிக்கணும்’னு மலைமேல மூணு நாள் முகாமுக்குப் பணம் கட்டப் போறியாமே? நீ என்ன திருவிழாவுல தொலைஞ்சு போனவனா? இங்கதான இருக்க. அங்க பேசப் போறவரு எங்க படிச்சாருன்னு கேட்டா, ‘லைஃப் கோச்’சுங்க. அது படிப்பா, பஸ்ஸா? இன்னைக்கு எவனும் போர்டு மாட்டலாம்டா. பேசிப் பாக்க முறையாப் படிச்ச உளவியலாளர் இருக்காக. மாத்திரை எழுத மனநல டாக்டர் இருக்காரு. ஜில்லா பெரிய ஆஸ்பத்திரியில காசில்லாமலே பாக்காக. மலைக்குப் போறதுன்னா சும்மா போ, காத்து வாங்கு, வா. அதுக்கு ரசீது எதுக்கு?

அப்புறம் அந்த இங்கிலீசு வார்த்தைக. சாப்பிட்டியான்னு ரெண்டு தடவை கேட்டதுக்கு ஒங்கம்மாவை ‘டாக்சிக்’குன்னுட்டியாம்லா. அவ என்கிட்ட வந்து, பாராட்டுதானா திட்டுதானான்னு கேக்கா. ‘பவுண்டரி’ போடணும்னு கவுன்சிலர் சொன்னாகளாம். போடு, நம்ம குடும்பத்துக்கு அது வேணும்தான், அதுவும் ஒங்க அத்தை பக்கம் ரெண்டாள் உசரத்துக்கு. ஆனா வேலி கட்டுறவன் படல் ஒண்ணு வைக்காம விட்டா, உள்ள மாட்டிக்கிடப் போறது அவனேதான்.

மாத்திரை விசயத்துலயும் ஒன் புத்தியைக் காட்டாத. மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை கிடையாது. குணம் தெரிய ரெண்டு வாரம், நாலு வாரம் கூட ஆகும். மூணாம் நாளே ‘ஒண்ணும் கேக்கல’ன்னு எறியுறதும், கொஞ்சம் தெளிஞ்சதும் ‘நான் சரியாயிட்டேன்’னு நீயா நிறுத்துறதும் வேண்டாம். எழுதினவரைக் கேட்டு மெள்ளமாக் குறைக்கணும். ஒங்கப்பன் பிரஷர் மாத்திரையில பண்ணுற கூத்து ஒரு வீட்டுக்குப் போதும்.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டுராத. போன வாரம் அழுதுட்டு வந்தேன்னு இந்த வாரம் போகாம இருக்கப் பாக்க, அது வேண்டாம். அழுத வாரத்துக்கு அடுத்த வாரம்தான் போயே ஆகணும். அந்தக் கவுன்சிலர் அம்மா ஒனக்குச் சரிப்பட்டு வரலன்னா வேற ஆளைப் பாரு, அதுல குத்தமில்ல.

இப்ப போனை எடு. ஒரு நம்பர் சொல்லுதேன், ஏத்திக்கோ: 14416. டெலிமனஸ்னு பேரு, அரசாங்கத்தோடது. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாக. செத்துருவோமான்னு ஒரு நினைப்பு எட்டிப் பாத்தாலும் விடியட்டும்னு இருக்காத, அந்த நிமிசமே அதுக்குப் போடு. அடுத்தாப்புல எனக்குப் போடு. எனக்கு எப்பிடியும் தூக்கம் வாரதில்ல, முழிச்சுத்தான் கிடக்கேன்.