பாசியா, மணியா? மலையகக் கழுத்தணி குறித்து ஓர் ஆய்வு முன்னுரை

தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழாவில், வளையல் கடைக்காரர் நூலில் கோத்துத் தொங்கவிடும் அந்த உருண்டைப் பொருளுக்குச் சரியான பெயர் எது என்பதில் இலங்கை மலையக அறிவுலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் குழுக்கள் கூடித் தேநீர் குடித்துக் கலைந்திருக்கின்றன. பாசிக்கு ஓர் உபகுழுகூட அமைந்ததில்லை. அக்குறையை நீக்க முனைகிறது இக்கட்டுரை.

இத்துறையில் இரண்டு கட்சிகள் உள. லயத்துத் திண்ணையில் வெற்றிலை இடிக்கும் ஆயாமார் 'பாசி' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் 'மணி' என்பார்கள்.

மணிக் கட்சிக்குத் தொன்மை துணை. ரிக் வேதத்திலும் அச்சொல் உண்டு, சங்க இலக்கியத்திலும் உண்டு. குறை என்னவென்றால், அது ஓய்வில்லாமல் வேலை செய்யும் சொல். கோயிலில் அடிப்பதும் மணி, கடிகாரம் காட்டுவதும் மணி, நெல்லும் மணி, கண்ணுக்குள் இருப்பதும் மணி. போதாததற்குத் தோட்டத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது பெயரே மணி. "மணி, மணி என்னடா?" என்று விசாரிக்கும் நிலையில் உள்ள ஒரு சமூகத்தின் மேல் மேலும் ஒரு பொருளை ஏற்றுவது நியாயமா என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. புலரியில் ஆளை எழுப்பிப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு அனுப்பியது மணியன்று, தப்புப் பறை என்பதையும் அவர்கள் சுட்டுவார்கள்.

பாசிக் கட்சிக்கு இயற்கை துணை. பச்சை, பசுமை, பாசி எல்லாம் ஒரு குடும்பம். பச்சை நிறக் கண்ணாடி மணியே முதலில் பாசிமணி எனப் பெயர் பெற்றது. பிறகு சிவப்பும் நீலமும் அதே பெயருக்குள் நுழைந்துகொண்டன. லயத்துச் சுவரில் படிவதும் பாசி, பீலிக்கரையில் காலை வழுக்கிவிடுவதும் பாசி. வருடத்தில் பாதி நாள் மழையும் மிஞ்சிய நாளில் மூடுபனியும் உள்ள ஊரில் வேறு என்ன பெயர் வைக்க முடியும் என்று அக்கட்சி கேட்கும்போது பதில் கூறுவது கடினம்.

வெள்ளைக்காரத் துரைமார் இதற்குப் 'பீட்' என்றார்கள். அவர்களுடைய பழைய மொழியில் அது பிரார்த்தனையைக் குறித்த சொல். மணியை உருட்டி உருட்டிப் பிரார்த்தனையை எண்ணப்போய், பெயர் மணியின் மேல் ஒட்டிக்கொண்டது. மலைக்கு வந்த பிறகு துரைமார் எண்ணியதெல்லாம் கொழுந்தின் றாத்தல் என்பதால், இந்தச் சொல்லாராய்ச்சி தோட்ட அலுவலகத்தில் மேற்கொண்டு வளரவில்லை. காலைப் பனித்துளியை மணி என்போர் கவிஞர்கள். அவர்களின் கருத்து பரிசீலிக்கப்படவில்லை. ஈரத்தேயிலைக்குள் இடுப்பளவு இறங்கிப் படங்கு நனைந்தவர் எவரும் அவ்வாறு சொல்லிக் கேட்டதில்லை.

இனி வரலாறு. மலையகத்திலிருந்து வெளியேறிய முதல் மணி சீதையின் சூடாமணி. அசோகவனம் நுவரெலியாவுக்கு அருகே சீத்தா எலியதான் என்பது ஊர் நம்பிக்கை. அங்கே ஓடைக்கரையில் கோயிலும், பாறையில் அனுமன் பாதமென்று வணங்கப்படும் பள்ளங்களும் உள்ளன. ஆக, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நடுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மலையின் ஏற்றுமதி வணிகம் தொடங்கிவிட்டது. கடலைத் தாண்டியே அனுப்பினார்கள். தீர்வை வசூலான தகவல் இல்லை.

உள்ளே வந்த கதை வேறு. கோப்பிக் காலத்தில் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். அந்தக் கரையில் திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை, பழங்காலத்துப் பெருந்துறைமுகம். 1980களில் அகழ்ந்தபோது அங்கே கண்ணாடி மணிகள் கிடைத்தன. அரிக்கமேட்டில் கிடைத்தவற்றுக்கு உறவான சாதி. காய்ச்சலும் பசியுமாக நடந்தவர்கள் ஆயிரம் வருடத்துப் பாசி புதைந்த மண்ணருகே கடந்து போனார்கள். குனிந்து பார்க்க, கூட்டிவந்த கங்காணி நேரம் கொடுத்திருக்க மாட்டார்.

தாவரவியலையும் தொட்டுவிடுவோம். உருத்திராட்சம் எலியோகார்பஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் கொட்டை. அதே பேரினத்து மரம்தான் இலங்கையில் வெரலு. நம் வாயில் வெரளிக்காய். இமயமலையடியில் கொட்டையைக் கோத்துக் கழுத்தில் போட்டு முக்தி தேடுகிறார்கள். இங்கே சதையை உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்புகிறோம். இரண்டில் எது உடனடிப் பலன் தருவது என்பதில் பள்ளிப் பிள்ளைகளிடையே கருத்து வேறுபாடே இல்லை.

அடுத்தது பொருளியல். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்கள் அச்சிட்ட பழைய தபாலட்டைகளில், கொழுந்து பறிக்கும் பெண்கள் மூக்கிலும் காதிலும் கழுத்திலும் நகை நிறையச் சிரிக்கிறார்கள். இலண்டனில் அதைப் பார்த்தவர்கள் நல்ல வசதியான வேலைபோலும் என்று எண்ணித் தேநீரை நிம்மதியாகக் குடித்திருப்பார்கள். 10க்கு 12 அடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே முடங்கும்போது பெட்டகம் வைக்க இடமேது? உள்ள சேமிப்பு உடம்பில் தொங்கியது. பிள்ளைக்குச் சுகமில்லை, கலியாணம், கருமாதி என்று வந்தால் தோடும் அட்டியலும் அடகுக்கடைக்குப் போகும். திரும்பியும் வரலாம். கண்ணாடிப் பாசியை மட்டும் எந்த அடகுக்காரரும் வாங்கமாட்டார். ஆதலால் அது கழுத்திலேயே இருந்தது. இக்கட்டுரையின் ஒரே கண்டுபிடிப்பு இதுவே: மலையகக் கழுத்தில் ஒரு பொருள் நிலைக்கும் காலம் அதன் விலைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும்.

இவ்விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. 1900களின் தொடக்கத்தில், புதிதாக வரும் தொழிலாளருக்கென அரசாங்கம் கொண்டுவந்த தகர டிக்கெட். தோட்டத்து எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த வட்டத் தகடு, கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியது. அதற்கு அடகுக்கடையில் விலையில்லை, அணிந்தவருக்கு அழகுமில்லை. ஆனால் வழியில் ஆள் மாறிவிடாமல் உரிய தோட்டத்தில் போய்ச் சேர அது அவசியம். பொதிக்கு முத்திரை குத்துவதுபோல. அதைப் பாசி என்பதா, மணி என்பதா என்ற கேள்விக்கு இரு கட்சியும் வாய் திறப்பதில்லை.

கடைசியாக, வருங்காலத் தொல்லியலாளருக்கு ஓர் எச்சரிக்கை. தேயிலைக்கு வேண்டியது புளிப்பு மண். ஆயிரக்கணக்கான செடிகள் நெருங்கிய மலையில் நூல் அறுந்தால் சிதறிய பாசியைப் பொறுக்க முடியாது. அது அங்கேயே கிடக்கும். புளித்த ஈரமண் தகரத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். கண்ணாடியை அவ்வளவு எளிதில் செரிக்காது. ஆகவே, ஆயிரம் வருடம் கழித்து ஏழாம் நம்பர் மலையைத் தோண்டுகிறவருக்குச் சிவப்பும் நீலமுமாய்ப் பாசிதான் அகப்படும், தகடு அகப்படாது. தூரதேச வணிகத் தொடர்பும் அணிகலன் மோகமும் மிக்க செழிப்பான சமூகம் இங்கே வாழ்ந்தது என்று அவர் அறிக்கை எழுதுவார். எங்காவது ஒரு பிளாட்டே தபாலட்டை தப்பிக் கிடந்தால் அதையும் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்வார்.