மில்லி அண்ணாச்சி

எங்கள் ஆழ்வார்பேட்டைக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். ஆயத்தமாவதையே முழுநேர வேலையாகக் கொண்டவர். நடைப்பயிற்சி தொடங்குமுன் ஆறு மாதம் செருப்புக் கடைகளில் நடந்தார். காசிக்கென்று வாங்கிய சொம்பு இன்னும் ரயில் ஏறவில்லை. டிரெட்மில்லில் போர்வை காய்கிறது. தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். எங்கள் தெருவில் இவருக்குப் போட்டி கிடையாது.

அவருடைய 62-வது பிறந்தநாளுக்கு, புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் போக மகள் பணம் கட்டிவிட்டாள். ஏப்ரல் மாதக் கடைசியில் முறை. வேறொருவராக இருந்தால் மூச்சு முட்டுமா, சுறா வருமா என்று கேட்டிருப்பார். அண்ணாச்சி கேட்டது முங்கும்போது போடும் ரப்பர் உடையின் தடிமன் ஒன்றைத்தான்: “வெட்சூட் எத்தனை மில்லி போடணும்?”

உடையெல்லாம் நாங்களே தருவோம் என்றார்கள் டைவிங்காரர்கள். “ஊரான் போட்டுக் கழட்டினதையா?” என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இதே பேச்சு. “மூணு மில்லி போதுமா, அஞ்சு மில்லி வேணுமா?” விவரம் புரியாத ஒரு பெரியவர், “அஞ்சு மில்லியில நாக்கே நனையாதே சார்” என்று வருத்தப்பட்டார். அன்றிலிருந்து அவர் மில்லி அண்ணாச்சி.

ஆனால் விஷயம் தெரிந்தவர். “29 டிகிரிக் கடலில் எதற்கு அண்ணாச்சி ரப்பர் சட்டை?” என்று கேட்டுவிட்டு நான் பட்ட பாடு! கையிலிருந்த காப்பி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். “இதைக் காத்துல வச்சா எப்ப ஆறும்? தண்ணிக்குள்ள வச்சா எப்ப ஆறும்? தண்ணி சூட்டை 25 மடங்கு சீக்கிரம் உருவிரும். உடம்பு 37 டிகிரி. முக்கால் மணி நேரம் முங்கிக் கெடந்தா 29-லயும் வெடவெடக்கும் பாத்துக்கோ.”

பிறகு நியோப்ரீன் பாடம். அந்த ரப்பர் இட்லி மாதிரியாம். உள்ளே முழுக்க நைட்ரஜன் குமிழ். குளிரைத் தடுப்பது அந்தக் குமிழ்தான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகி, குமிழ் பாதியாகச் சுருங்கிவிடும். அமுக்கிய இட்லி. சரி, தடிமனைக் கூட்டலாம் என்றால் மிதப்பும் கூடும். மூழ்குவதற்கு இடுப்பில் ஈயக்கட்டி கூடுதலாகக் கட்ட வேண்டும். நம் கடலுக்கு 3 மில்லி தாராளம், சொறிமீன் தீண்டாமலும் பாறையில் உரசாமலும் இருக்க மெல்லிய லைக்ரா உடையே போதும் என்பாரும் உண்டு. இத்தனையும் சொன்னவர், “இருந்தாலும்...” என்று இழுத்தார்.

அந்த இழுவையில் காரணம் இருக்கிறது. மார்கழியில் டி.டி.கே. சாலை சபாவுக்குக் குரங்குக் குல்லாய், மப்ளர், சால்வை சகிதம் போகிறவர் அவர். காதில் பஞ்சு வேறு. அதைப் பார்த்து மேடையிலிருந்த பாகவதர் முகம் சுருங்கிய கதை உண்டு. “ஏசியில தடிமன் புடிச்சிரும்” என்பார். அவர்கள் திருநெல்வேலியில் ஜலதோஷத்துக்கு அதுதான் பெயர்.

“தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, கோவணத்தோடு, ஒரே மூச்சில் இறங்கினார்களே!” என்றேன்.

“அவங்களுக்கு ஏசி பழக்கம் கெடையாது தம்பி.”

ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்டவர்களுக்கும் பதில் தயார். 1950-களின் தொடக்கத்தில் இந்த உடையை உருவாக்கியவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அதற்குமுன் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். “அணுகுண்டு செஞ்ச ஆளே இதுக்கு உக்காந்து யோசிச்சிருக்கான். நான் மூணு மாசம் யோசிச்சா தப்பா?”

கடைசியில் 5 மில்லி வந்து இறங்கியது. போவதற்கு இரண்டு நாள் முன்பு வீட்டில் ஒத்திகை. என்னையும் கூப்பிட்டார். பாதத்தில் தி. நகர் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்று எங்கோ கேட்டிருக்கிறார். போயிற்று, முழங்கால் வரை. அதற்குமேல் நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தலையணைக்கு உறை போடுவதுபோல் உலுக்கி இறக்கினோம். முதுகு ஜிப்பின் நீள நாடாவை மதினி இழுக்க, தொந்தி ஒரு முறை எதிர்த்துவிட்டு அடங்கியது. வெளியே கத்திரி வெயிலுக்கு முந்தைய புழுக்கம். ஐந்தே நிமிடத்தில் உள்ளே ஊற்று கிளம்பிவிட்டது. “ஏசியப் போடு! 18-ல வை!” என்று அலறினார். வைத்தோம். ஜிப் சிக்கிக்கொண்டதால் கழற்ற முக்கால் மணி நேரமாயிற்று. நனைந்த உடம்போடு ஏசிக்கு நேரே உட்கார்ந்து, “கடலுக்குள்ள இப்படித்தான் இருக்கும்” என்று பூரித்துப்போனார்.

மறுநாள் காலை தும்மல் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. மூக்கடைப்போடு இறங்கினால் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது, செவிப்பறைக்கு ஆபத்து, தேதியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று டைவிங்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். போர்வைக்குள் வேது பிடித்துக்கொண்டிருந்தார். நீராவிக்குள்ளிருந்து, “மூணு மில்லியே வாங்கியிருக்கலாமோ?” என்று குரல் வந்தது.

மதினி கஷாயத்தை ஆற்றியபடி சொன்னாள்: “மூணு மாசமாத் தடிமன் தடிமன்னே கெடந்தாவ தம்பி. வந்துட்டு.”