கேளுங்கள், ஊற்றுகிறேன்!

கே: டர்போ கார் ஆயில் குடிக்குமாமே, உண்மையா? (கள்ளக்குறிச்சி வாசகர்)

ப: குடிக்கும். எல்லா இன்ஜினும் கொஞ்சம் குடிக்கும், டர்போ கூடக் கொஞ்சம் கேட்கலாம். குடிக்கிற கணக்கு ஓனருக்குத் தெரியாமல் போனால்தான் குடும்பம் கெடும்.

கே: எவ்வளவு வரை குடிக்கலாம்? (தியாகதுருகம் வாசகர்)

ப: 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை சகஜம் என்று கையேட்டில் எழுதிவைத்த கம்பெனிகள் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு இரண்டு முறை போய்வந்தால் ஏறக்குறைய அந்தத் தூரம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் அதில் கால்வாசிகூடக் கேட்காது. அந்த வரியை எழுதியது மெக்கானிக் அல்ல, வாரண்டி வக்கீல்!

கே: டர்போவுக்கு ஆயில் மேல் அப்படி என்ன மோகம்? (சங்கராபுரம் கல்லூரி மாணவர்)

ப: உங்கள் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றிலேயே அலறும். டர்போவின் தண்டு லட்சத்தைத் தாண்டிச் சுற்றும். ஒரு பக்கம் 900 டிகிரி வரை போகும் சைலன்சர் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவே அந்தத் தண்டு மிதப்பது மயிரிழை கனம்கூட இல்லாத ஆயில் படலத்தில். மோகம் இல்லை தம்பி, உயிர்ப்பிச்சை.

கே: கல்வராயன் மலை ஏற டர்போ உதவுமா, வெறும் பந்தாவா? (கச்சிராயபாளையம் வாசகர்)

ப: மூவாயிரம் அடி உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்கு இளைத்துவிடும். சாதா இன்ஜின் மூச்சு வாங்கும். டர்போ காற்றை அமுக்கி ஊட்டும். 1905-ல் சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃப்ரெட் பூக்கி இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1918-ல் அமெரிக்காவில் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே விமான இன்ஜினைத் தூக்கிப்போய், 14,000 அடிக்கு மேல் வைத்து டர்போவைச் சோதித்தார்கள். மலைதான் அதற்குப் பிறந்த வீடு. பந்தா முழுக்க வண்டியின் பின்னால் ஒட்டும் 'டர்போ' ஸ்டிக்கரில்.

கே: வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும் உடனே இன்ஜினை அணைக்க வேண்டாம் என்கிறார் எங்கள் டிரைவர். பெட்ரோல் வீண்தானே? (சின்னசேலம் வாசகி)

ப: டிரைவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள். மலையை முக்கி ஏறிய சூட்டில் இன்ஜினை டக்கென்று நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நிற்கும். டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். டீ சொல்கிற நேரம்தான். நீங்கள் குடித்து முடிக்கும்வரை ஓட வேண்டியதில்லை.

கே: ஆயில் குறைந்தால் சிவப்பு லைட் எரியுமே, அப்போது ஊற்றிக்கொண்டால் போதாதா? (உளுந்தூர்பேட்டை வாசகர்)

ப: ஆயில் கேன் படம் போட்ட அந்தச் சிவப்பு லைட் சொல்வது அழுத்தம் போய்விட்டது என்று. மலை வளைவில் மிச்சமிருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும்போது அது மினுக்கும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். 'ஊர் போய்ப் பார்த்துக்கலாம்' என்றால், ஊர் போவது டோ வண்டியில்தான்.

கே: ஆயில் கேஜ் எப்படிப் பார்ப்பது? எங்கள் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். (திருக்கோவிலூர் வாசகி)

ப: சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவுங்கள். நுனியில் இரண்டு குறி இருக்கும். ஆயில் கோடு அவற்றுக்கிடையே நின்றால் சுகம். கரியாலூர் சரிவில் மூக்கைத் தூக்கி நிறுத்திவிட்டுப் பார்த்தால் கம்பி பொய் சொல்லும். பிறகு வீட்டில் சண்டை வராமல் என்ன செய்யும்?

கே: டாப்-அப் தானே, கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் என்ன? (மூங்கில்துறைப்பட்டு விவசாயி)

ப: பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். பாதியில் நின்றால் அரை லிட்டருக்கு மேல் இடமே இல்லை. மேல்குறியைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை எதையும் காப்பாற்றாது. கால் லிட்டர் ஊற்று, பொறு, பார், பிறகு ஊற்று. தாராளத்தை மொய்யில் காட்டுங்கள்.

கே: மலையிறங்கி வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை. பெட்ரோல் கார். (கோமுகி அணைப் பக்கத்து வாசகர்)

ப: ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் கியரிலேயே இறங்கும்போது இன்ஜின் வெற்றிடம் போட்டு உறிஞ்சும். வால்வு சீல் கிழடு தட்டியிருந்தால் அந்த வழியே ஆயில் உள்ளே இறங்கும். மிதித்ததும் எரிந்து புகையாகும். இறங்கி வந்தால் மட்டும் புகை என்றால் முதல் சந்தேகம் வால்வு சீல். ஏறும்போதும் விடாமல் நீலம் என்றால் பிஸ்டன் ரிங்கு, டர்போ. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம். வெள்ளை ஓயாமல் வந்தால் கூலன்ட் கசிவு. புகைக்கும் கட்சிக் கொடி மாதிரி நிறம் உண்டு. தாவல் மட்டும் கிடையாது.

கே: என் டீசல் காரில் ஆயில் குறையவே இல்லை, ஏறுகிறது! அதிர்ஷ்டம்தானே? (கள்ளக்குறிச்சி ஆசிரியை)

ப: அமுதசுரபி எல்லாம் மணிமேகலையோடு சரி. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. அதைச் சுட்டுச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். வீடு, பள்ளி, வீடு என்று குட்டி ஓட்டமே ஓடினால் சுத்தம் பாதியில் நிற்கும். எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். ஏறியது அளவு, இறங்கியது தரம். ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை சேலம் ரோட்டில் நீட்டி ஓட்டுங்கள்.

கே: கெட்டி ஆயில் ஊற்றினால் குடிப்பது நிற்கும் என்கிறாரே மெக்கானிக்? (எலவனாசூர்கோட்டை வாசகர்)

ப: புகை கொஞ்ச நாள் அடங்கலாம். ஆனால் டர்போவுக்குப் போகும் குழாய் ஒல்லி. காலைக் குளிரில் கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேர நேரமாகும். கையேட்டில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் அதுவே ஊற்றுங்கள். அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயில் கலக்கலாம். கிரேடும் தரக்குறியும் ஒத்துப்போனால் சாதி பார்க்காத ஒரே கலப்பு அதுதான்.

கே: மலையில் ஆயில் கடை இல்லை. செக்கில் ஆட்டிய ஆமணக்கெண்ணெய் ஆகுமா? (குறும்புக்கார வாசகர், வடக்கனந்தல்)

ப: முதல் உலகப்போர் விமானங்கள் பலவற்றில் அதைத்தான் ஊற்றினார்கள். புகையை விழுங்கிய விமானிகளுக்கு வயிறு இளகியதாகப் பேச்சு. உங்கள் காருக்கும் வயிறு போகும், நிற்காமல்!

கே: சாவியை எடுத்தும் டீசல் இன்ஜின் நிற்காமல் கத்துமாமே, பேயா? (கல்வராயன்மலை ஜீப் டிரைவர்)

ப: பேய் இல்லை, டர்போ சீல். அது தேய்ந்து ஆயில் காற்றோடு உள்ளே போனால் இன்ஜின் அதையே எரித்து ஓடும். சாவிக்கு அங்கே மரியாதை இல்லை. கியர் வண்டியானால் டாப் கியர் போட்டு, பிரேக்கை அமுக்கி, கிளட்சை விட்டு இன்ஜினை அணையுங்கள். முடியாவிட்டால் எட்டி நில்லுங்கள். வேப்பிலை பிறகு அடித்துக்கொள்ளலாம்.

கே: ஊற்ற மறப்பது நம் ஊர் வழக்கம்தானே? வெள்ளைக்காரன் மறக்கமாட்டான்! (சென்னையில் வாழும் சின்னசேலத்துக்காரர்)

ப: 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. அதற்கு மெத்தனாலும் வாலை வடிநீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஓனர்கள் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது கம்பெனி. மறதிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

கே: மாவட்டம் பிறந்த அன்று எடுத்த கார். இன்ஜின் வேலைக்கு நேரமாகிவிட்டதா? (கள்ளக்குறிச்சி வியாபாரி)

ப: 2019 நவம்பர் 26-ல் பிறந்த மாவட்டத்துக்கே இன்னும் வேலை பாக்கி! காரின் வயதைக் கேட்காதீர்கள். கடைசியாக ஆயில் மாற்றிய தேதியைக் கேளுங்கள். மலை, தூசி, குட்டி ஓட்டம் என்றால் கையேட்டுக் கணக்குக்கு முன்பே மாற்றுங்கள்.

கே: கழித்த ஆயிலை ஓடையில் கொட்டலாமா? (கரியாலூர் வாசகர்)

ப: 2016 அபாயக் கழிவு விதிகளில் அதுவும் அடக்கம். மேலே நீங்கள் கொட்டுவது கீழே கோமுகிப் பாசன வயலுக்கு வரும்; அங்கே விளைந்த அரிசியை மேலே நீங்கள் வாங்குவீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கே: இத்தனை பேசினீர்களே, சுருக்கமாக என்ன செய்ய வேண்டும்? (பொறுமையிழந்த வாசகி, ரிஷிவந்தியம்)

ப: மாதம் ஒருமுறை கேஜ் பாருங்கள். மலை ஏறும் முன் இன்னொரு முறை. டிக்கியில் சரியான கிரேடில் ஒரு லிட்டர் கேன் இருக்கட்டும். எத்தனை கி.மீ.க்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அந்தக் கணக்கு திடீரென்று ஏறினால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும், நோட்டோடு. கணக்கு கையில் உள்ளவரிடம் 'டர்போ போச்சு சார்' என்று எவரும் லேசில் சொல்லமாட்டார்.