மாடித் தோட்டம்: கேள்வி-பதில்

கே: மொட்டை மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் கீரை வளர்க்கிறேன். தொட்டித் தண்ணீரின் பிஎச்சை 6-க்கு இறக்கினால் மறுநாளே ஏழரையில் நிற்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதா? (வாசகி, மடிப்பாக்கம்)

ப: மீட்டரைத் திட்டாதீர்கள், போர் தண்ணீரை விசாரியுங்கள். பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. நீங்கள் ஊற்றும் அமிலம் அதோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. அந்த வாயு தண்ணீரில் தங்கியிருக்கும்வரை பிஎச் குறைவாகத் தெரியும். ஏர் பம்ப் அதை வெளியேற்றியதும் ஏறிவிடும். ஆகவே, தனி டிரம்மில் தண்ணீர் பிடித்து, அமிலம் சேர்த்து, இரவு முழுக்கக் காற்று விடுங்கள். காலையில் பார்த்து மறுபடி சரிசெய்யுங்கள். உரம் அதற்குப் பிறகுதான். உரம் கலந்தபின் கடைசியாக ஒருமுறை பாருங்கள், 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருந்தால் போதும். மழைத்தண்ணீர் சேமிக்க இடமிருந்தால் போர் தண்ணீரோடு கலந்துகொள்ளுங்கள், பாதித் தொல்லை தீரும்.

கே: துளிர் இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கிறது. உரத்தைக் கூட்டலாமா? (வாசகர், திருப்பூர்)

ப: கூட்டாதீர்கள். இது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். இரும்பு பெரும்பாலும் தொட்டியிலேயே இருக்கும், வேருக்குத்தான் எட்டாது. பிஎச் ஆறரையைத் தாண்டினால் இடிடிஏ வகை இரும்பு பிடி தளர்ந்து பயனற்றுப் போகும். முதலில் பிஎச்சை இறக்குங்கள். அடுத்து வரும் துளிர் பச்சையாக வந்தால் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம்.

கே: பிஎச்சை இறக்க எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதாதா? (வாசகி, கும்பகோணம்)

ப: சாதத்துக்குப் போதும், தொட்டிக்குப் போதாது. சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடும், பிஎச் பழையபடி ஏறும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நிலைத்து நிற்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஒருநாளும் ஊற்றாதீர்கள்.

கே: ஆர்.ஓ. தண்ணீர் என்றால் கவலையே இல்லையா? (வாசகர், ஓசூர்)

ப: கவலை வேறு மாதிரி. அதில் பைகார்பனேட் இல்லாததால் இரண்டு சொட்டு அமிலத்துக்கே பிஎச் சரிந்துவிடும். கால்சியமும் மக்னீசியமும்கூட இருக்காது. கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தால் இரண்டுக்கும் தீர்வு.

கே: பிஎச் 6-க்கும் 7-க்கும் ஒரே ஒரு எண்தானே வித்தியாசம்? (மாணவர், நெல்லை)

ப: அமிலத்தன்மையில் பத்து மடங்கு வித்தியாசம், தம்பி! 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சன் இந்த அளவை வகுத்தபோதே, ஒரு படிக்குப் பத்து மடங்கு என்றுதான் வைத்தார். 5-க்கும் 7-க்கும் நூறு மடங்கு.

கே: மீட்டரைக் கழுவி, காயவைத்து, பெட்டியில் பூட்டி வைக்கிறேன். சரிதானே? (வாசகி, கோவை)

ப: காயவைப்பதுதான் தப்பு. நுனிக் கண்ணாடி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், அதுவும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தாலும் கெடும். அவ்வப்போது 4, 7 என்ற இரண்டு பஃபர் கரைசல்களிலும் நனைத்து அளவைச் சரிபாருங்கள்.