வெண்கோட்டின் உண்மை இன்மை ஆராய்ச்சி

வெண்கோடு என்பது, பிரௌசர் திரையில் ஒரே நிறத்தில் ஒட்டி நிற்கும் இரு கட்டங்களின் நடுவே, எவரும் வரையாமல் தோன்றும் கோடு. அகலம் ஒரு பிக்சல். நீளம், கட்டத்தின் நீளம். தோன்றும் காலம், பெரும்பாலும் வாடிக்கையாளர் பார்க்கும்போது.

காண்போர் மூவகையர்: தாமே காண்பவர், காட்டினால் காண்பவர், காட்டினாலும் காணாதவர். மூன்றாம் வகையினரைப் பற்றிச் சொல்வதற்கு ஏதுமில்லை. ஆயினும் ஆய்வேட்டு மரபு கருதி அவர்களுக்குத் தனி இயல் ஒதுக்கப்படுகிறது. இதுவே அவ்வியல்.

கோட்டைத் தேடுவோர் முதலில் திரையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்தும் போகாவிடின், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொரு கணினியில் பார்ப்பது முறை. அங்கும் கோடு இருந்தால் மானிட்டர் நிரபராதி. அடுத்து ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தல். கோடு மறைந்தால் கிராபிக்ஸ் கார்டின் மேலும் அதன் டிரைவரின் மேலும் ஐயம் கொள்ளலாம். மறையாவிடின், பக்கத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, கோடு மட்டும் எஞ்சும் மிகச் சிறிய பக்கத்தை அடைய வேண்டும். பழைய பிரௌசரில் இல்லாத கோடு எனில், பதிப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடலாம். ஆயிரம் பதிப்புகள் இருந்தாலும் பத்துச் சோதனையில் குற்றவாளி அகப்படும். பழைய நூல்களின் காலத்தை ஆராயும் அறிஞர்கள் இம்முறையைக் கைக்கொள்வதில்லை. பத்து அமர்வில் விவாதம் முடிந்துவிட்டால் பதினோராம் கருத்தரங்குக்கு வழியில்லை.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை வினா: கோடு உள்பொருளா, இல்பொருளா?

கண்ணால் காணப்படுவதால் உளது என்பர் ஒரு சாரார். நிரலில் அதை வரையச் சொல்லும் கட்டளை ஒன்றுகூட இல்லை, எனவே இலது என்பர் மற்றொரு சாரார் (காண்க: முன்னவர்க்கு மறுப்பு, அம்மறுப்புக்கு மறுப்பு, மறுப்பு மறுப்பின் திருத்திய பதிப்பு, திருத்தங்கள் நீங்கலாக). ஜூம் 100 விழுக்காட்டில் மறைந்து 110இல் தோன்றுவதால், சிலபோது உளது என்பர் மூன்றாமவர். இவர்களை இரு கட்சியாரும் மேற்கோள் காட்டுவதில்லை. சமரசம் பேசினால் அவ்வளவுதான்.

வழக்கைத் தீர்ப்பது கணக்கு. வெள்ளைப் பின்னணியில், எஸ்விஜி படம் ஒன்றில், இரு நீலக் கட்டங்கள் இடமிருந்து 105 பிக்சல் தொலைவில் சந்திக்கின்றன எனக் கொள்க. ஜூம் 110 ஆனதும் சந்திப்பு 115.5க்கு நகரும். திரையில் அரைப் பிக்சல் கிடையாது. ஆகவே ஓரத்தை மென்மையாக்கும் ஆன்டி-ஏலியாசிங் முறைப்படி, நடுவில் மாட்டிய பிக்சலில் முதற்கட்டம் பாதி நீலமாகப் பூசப்படுகிறது. எஞ்சுவது அரை வெண்மை. அதன்மேல் இரண்டாம் கட்டமும் பாதி பூசப்படுகிறது. அது எஞ்சிய வெண்மையில் பாதியைத்தான் மறைக்கும். முடிவில் நீலம் முக்கால், வெண்மை கால். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் வெளியிட்ட கட்டுரையின் வழிவந்த பூச்சு விதி, பிக்சல் எவ்வளவு மூடப்பட்டது என்பதை மட்டுமே எண்ணாக வைத்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் மூடப்பட்டது என்பது அதன் கணக்கில் இல்லை.

ஆகவே வெண்கோடு கால் பங்கு உளது. முக்கால் பங்கு இலது. ஜூம் 125 ஆனால் சந்திப்பு 131.25. ஒரு கட்டம் கால், மறுகட்டம் முக்கால் மூட, எஞ்சும் வெண்மை மூவீசம். மூவீசம் மட்டும் உளதாகிய பொருளுக்குத் தத்துவ நூல்களில் இனிமேல்தான் இடம் ஒதுக்க வேண்டும் (காண்க: மேலே 'காண்க' எனப்பட்டதன் அடிக்குறிப்பு, அது அச்சில் விடுபட்டமையின், விடுபட்ட இடம் காண்க, பக்க எண்ணும் விடுபட்டுள்ளது).

பரிகாரம் சில உண்டு. ஷேப்-ரெண்டரிங் பண்பில் கிரிஸ்ப்-எட்ஜஸ் என்று கொடுத்தால் ஓரங்கள் கறாராகும். ஆனால் வளைவுகள் பல்லிளிக்கும். ஒரு கட்டத்தை மற்றதன்மேல் ஒரு பிக்சல் ஏற்றிவைக்கலாம். பின்னணிக்கே நீலம் பூசலாம். அப்போதும் பின்னணி கால் பங்கு கசியத்தான் செய்யும், கசிவது நீலம் என்பதால் எவருக்கும் தெரியாது. மூன்றில் இதுவே சிறந்தது.

ஜூம் 200 ஆனால் சந்திப்பு 210. முழு எண், கோடு அறவே இல்லை. பிழையைச் சரிபார்ப்பவரின் திரை 200 விழுக்காட்டில் இருந்தால், "எனக்கு வரவில்லையே" என்று புகாரை மூடிவிடுவார். எனவே புகார் எழுதுவோர், ஜூம் அளவையும் திரையின் ஸ்கேலிங் அளவையும் முதல் வரியிலேயே எழுதிவிடுக.