சிம்மில் வைக்கத் தெரியாத சமூகம்

தமிழ்ச் சமையலறையில் எண்ணெய்க்கு ஒரே ஒரு கட்டளைதான்: காய வேண்டும். காய்ந்ததும் கடுகு வெடிக்க வேண்டும். கடுகு வெடித்த அரை நிமிடத்துக்குள் உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் உள்ளே விழுந்து, பக்கத்து ஃபிளாட்காரர் இரண்டு தும்மல் போட்டு, காரியம் முடிந்திருக்க வேண்டும். இந்த வித்தையில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொரித்த பூண்டு என்று வரும்போது நாம் வரிசையாகத் தோற்பதற்கும் இந்த வித்தைதான் காரணம் என்பது என் கட்சி. நூடுல்ஸ் மேலும் சூப் மேலும், ஏன், தயிர்சாதத்தின் மேலும்கூடத் தூவத் தோதான அந்தப் பொன்னிற மொறுமொறுப்பை வீட்டில் செய்யப் புறப்படுகிறவர்களில் பலர், கடைசியில் கரித்துண்டுகளைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு பூண்டைத் திட்டுகிறார்கள். சிலர் கடாயைத் திட்டுகிறார்கள். தாளிக்கிற கையோடு பூண்டுப் பக்கம் போனதுதான் பிழை என்று ஒருவரும் சொல்வதில்லை.

முதல் சாட்சி, பர்மா நூடுல்ஸான அத்தோவை விற்கும் வண்டி. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகண்ணிகளை அரசுடைமை ஆக்கியதும், தலைமுறைகளாக அங்கே பிழைத்த தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்காக 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. கொண்டுவர முடியாத சொத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, யாராலும் பறிமுதல் செய்ய முடியாத ஒன்றை மட்டும் கொண்டுவந்தார்கள்: அத்தோ, மொய்ங்கா, பேஜோ, வாழைத்தண்டு சூப். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தின் ஒரு முனையில் இறங்கிய இந்தச் சரக்கு, இன்று குரோம்பேட்டை, தாம்பரம், வேளச்சேரி என்று தென்புறநகர் முழுக்க மாலை வேளைகளில் கமகமக்கிறது. அந்த வண்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் நம் கண்ணெதிரே கலக்கப்படும். பொரித்த பூண்டு மட்டும் ஏற்கெனவே டப்பாவில் தயாராக இருக்கும். வாடிக்கையாளர் வந்து நின்றபின் பூண்டு பொரிக்கிற அத்தோக் கடை கிடையாது. அவசரத்தில் செய்யக்கூடாத ஒரே வேலையை அவர்கள் அவசரம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். நாமோ சோறு இறக்கி, பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்த பிறகுதான் பூண்டையே உரிக்கத் தொடங்குகிறோம்.

இரண்டாவது சாட்சி பூண்டு. அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு சர்க்கரை இனத்தைச் சேர்ந்த மாவுப்பொருள். மொறுமொறுக்க வேண்டுமானால் தண்ணீர் முழுக்க வெளியேற வேண்டும். சர்க்கரையோ சூடு ஏறினால் சிவந்து, கொஞ்சம் விட்டால் கறுத்துக் கசந்துவிடும். தாளிக்கிற சூட்டில் போட்டால் வெளிப்புறம் கருகி முடிக்கும்போது உள்ளே ஈரம் சுகமாகக் குடியிருக்கும். மேலே கசப்பு, நடுவே சதசதப்பு: இரண்டு தோல்வி ஒரே துண்டில். வழி எளிது. ஒரே கனத்தில், இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமல் சீவிய பூண்டைத் துணியில் ஒற்றி ஈரமெடுத்து, காயாத எண்ணெயில் மூழ்கும்படி போட்டு, அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவைத்துச் சிம்மில் வைக்க வேண்டும். முதலில் பொங்கிவரும் குமிழெல்லாம் தண்ணீர் விடைபெறும் ஆரவாரம். குமிழ் அடங்கும்போது கவனம் வேண்டும். வைக்கோல் நிறம் வந்ததுமே வடிகட்டிவிட வேண்டும். ஏனென்றால் வெளியே வந்த பிறகும் உள்சூட்டில் பூண்டு இன்னும் ஒரு படி சிவக்கும். கண்ணுக்குப் பொன்னிறமாகத் தெரியும்வரை காத்திருப்பவர், கரிக்காகக் காத்திருக்கிறார்.

எண்ணெய் காயாமல் போட்டால் பூண்டு எண்ணெய் குடிக்காதா என்று கேட்பீர்கள். வடைக்கும் பூரிக்கும் அது நியாயமான பயம். மாவு உடனே மேலே இறுகாவிட்டால் கதை கந்தல்தான். சீவிய பூண்டு மாவல்ல. இறக்கும் நேரத்தில் எண்ணெய் போதிய சூட்டில்தான் இருக்கும். மேலும், பொரித்த பண்டம் பெரும்பங்கு எண்ணெயைக் குடிப்பது கடாயில் அல்ல. வெளியே எடுத்து ஆறும்போதுதான், உள்ளிருந்த ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. ஆகவே சூட்டோடு வடித்துப் பரப்பி வைத்தால் பாதிக் கவலை தீரும். மீதி எண்ணெயும் வீணல்ல; பூண்டு மணம் ஏறிய அந்த எண்ணெய்தான் அத்தோவின் உயிர். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம்.

பதினைந்து நிமிடம் அடுப்படியில் நிற்க யாருக்கு நேரமிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரவு பெருங்களத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய்ச் சேர ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆமையாக ஊர்ந்தும் மறு ஆண்டு அதே ரோட்டுக்கே திரும்பி வருகிற ஜனம் இது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி 2021இல் பிறந்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அதற்காகக் காத்திருந்ததும் இதே ஜனம்தான். பொறுமையில் நமக்குக் குறையே இல்லை. அதையெல்லாம் ரோட்டில் செலவழித்துவிட்டு, அடுப்படிக்கு வெறும் கையோடு வருகிறோம், அவ்வளவுதான்.

பாக்கெட்டில் விற்கிறதே, வாங்கினால் போகிறது என்பவர்களுக்கு ஊர்க்காற்றைச் சாட்சிக்கு அழைக்கிறேன். காற்று நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சௌரிமுத்து 1928இல் இங்கே தாம்பரத்தில் காசநோய்க்கு ஆரோக்கிய நிலையம் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான். ஆனால் நுரையீரலுக்கு உகந்த காற்று எல்லாம் அப்பளத்துக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. கடல் ஈரம் கலந்த இந்தக் காற்றில் திறந்த பாக்கெட் மறுநாள் காலைக்குள் நமுத்துப்போகும். வீட்டில் வேண்டிய அளவு பொரித்து, நன்றாக ஆறிய பிறகு இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டிலில் போட்டுவைத்தால் நமுக்க இடமில்லை. விலையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. 2024 தொடக்கத்தில் சென்னையில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது உண்மை. பூண்டு விளைச்சலில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் நாட்டில் இந்தக் கொடுமை நடந்ததும் உண்மை. ஆனால் விலை ஏறியது கருக்காமல் பொரிப்பதற்கான காரணம். பொரிக்காமல் இருப்பதற்கான காரணமாகாது.

கடைசியாக வருவது ஆரோக்கியக் கட்சி. பூண்டைப் பச்சையாக விழுங்கினால்தான் பலன், பொரித்தால் சத்தெல்லாம் போச்சு என்பது அவர்கள் வாதம். நறுக்கும்போது உண்டாகும் அல்லிசின் சூட்டில் தாக்குப்பிடிக்காது என்பது சரிதான். ஆனால் மேலே தூவுகிற ஒரு சிட்டிகையை மருந்துச் சீட்டோடு ஒப்பிடுவது அந்தச் சிட்டிகைக்குச் செய்யும் அநியாயம். அப்பளத்தில் என்ன சத்து இருக்கிறது என்று விசாரித்துவிட்டா பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்கிறோம்?

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை வராதவர்கள் பூண்டை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் காய்ந்த எண்ணெயிலும் மற்றதைக் காயாத எண்ணெயிலும் போட்டுப் பார்க்கலாம். தீர்ப்பு சொல்ல வீட்டில் ஒரு பத்து வயதுப் பிள்ளை இருந்தால் போதும். எந்தத் தட்டு முதலில் காலியாகிறதோ அதுவே விடை. எதன்மேல் தூவுவதற்காகப் பொரித்தோமோ அது வெந்து வரும்வரை பூண்டு மிஞ்சுமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பேற்க முடியாது.